கிழிசலும் முழுமையும்: வங்காளக் காந்தாவின் தொடக்கம் குறித்து ஒரு மறுப்பு

பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் வங்காள வழக்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் போட்ட தடத்திலேயே நடக்கிறார்கள். ‘காந்தா’ என்ற தம் கட்டுரையில் அவர் வைத்த வாதம் இது: சிதைந்ததை ஒன்றுகூட்டி மீண்டும் முழுமையாக்குவதே காந்தாவின் உட்பொருள், அந்தப் பொருள் நிறைவேற வேண்டுமென்பதால்தான் துணி கந்தலாக இருக்கவேண்டியிருக்கிறது, புத்தரும் வங்காள வைணவத் துறவி சைதன்யரும் போர்த்திய ஒட்டுத்துணிக்கும் வீட்டுப் பெண்ணின் தையலுக்கும் வேர் ஒன்றே.

அழகான வாதம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கற்பித்து, கோயிற்கலையைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு, எதிலும் அண்டத்தைக் காணும் அந்தப் பார்வை பழக்கமானதுதான். ஆனால் காந்தாவைப் பொறுத்தவரை வரிசை தலைகீழாகிவிட்டது என்பது என் கருத்து. கந்தல் முதலில் இருந்தது. பொருள் பிறகு வந்தது.

செய்முறையே இதற்கு முதல் சாட்சி. பலமுறை துவைத்து நைந்த மெல்லிய பருத்திச் சேலை ஒன்றாக நின்று குளிர் தாங்காது. நான்கைந்தை அடுக்கினால் தாங்கும். அடுக்கு நழுவாமலிருக்க ஓரங்களில் ஈச்சமுள்ளைக் குத்தி, ஓட்டுத் தையல் போடுவார்கள். நூலுக்கும் கடைக்குப் போகவேண்டாம். சேலைக் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவிக்கொள்வார்கள். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்பும் மேலோங்கியிருப்பதற்குக் காரணம் கரையின் நிறம்தான். அதில் மறைபொருள் தேடவேண்டியதில்லை. சேலைக் கரையின் வடிவத்தையே தையலில் ஒப்பியெடுக்கும் ஒரு வகையும் உண்டு. குளிர்காலப் போர்வைக்கு லேப், புத்தகம் சுற்றுவதற்குப் பைத்தன், கண்ணாடியும் சீப்பும் சுருட்டி வைப்பதற்கு ஆர்ஷிலதா என்று பயன்பாட்டை வைத்தே பெயர்களும் பிரிகின்றன. பிறந்த குழந்தையைச் சுற்றப் பழந்துணியை எடுப்பது கண்ணேறு கழிக்கவே என்று சொல்லப்படுவதை நான் மறுக்கவில்லை. நம் வீடுகளில் தூளி கட்டப் பழஞ்சேலையைத் தேடும் பாட்டியும் அப்படி ஒரு காரணம் சொல்லக்கூடும். ஆனால் புதுத்துணியின் கஞ்சி குழந்தையின் தோலை உரசும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

எழுத்துச் சான்று மிகக் குறைவு. அதனாலேயே, சைதன்யரின் வாழ்க்கையைச் சொல்லும் சைதன்ய சரிதாம்ருதத்தின் மத்திய லீலையில் வரும் ஓர் இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். வங்காள சுல்தான் உசைன் ஷாவின் சிறையிலிருந்து தப்பிய அவருடைய முன்னாள் அமைச்சர் சனாதனர், வழியில் மைத்துனர் கொடுத்த விலையுயர்ந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு காசிக்கு வருகிறார். சைதன்யரின் பார்வை அந்தக் கம்பளி மேலேயே திரும்பத் திரும்பப் போகிறது. சனாதனர் புரிந்துகொள்கிறார். கங்கைக் கரையில் ஒரு வங்காளி தன் காந்தாவைத் துவைத்து உலர விரித்திருக்கிறான். என் கம்பளியை எடுத்துக்கொண்டு இதைக் கொடு என்று சனாதனர் கேட்க, பெரிய மனிதராக இருந்துகொண்டு என்னைக் கேலி செய்கிறீரா என்கிறான் அவன். மாற்றம் முடிந்து திரும்பியவரிடம் சைதன்யர் சொல்வதன் சாரம்: மூன்று நாணயம் பெறும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிச்சைக்குப் போனால் அறம் கெடும், ஊரும் சிரிக்கும்.

கிராம்ரிஷின் வாசிப்புக்கு இந்த இடம் இடங்கொடுக்கவில்லை. இங்கே காந்தாவை உயர்த்துவது அதன் மலிவு. கிழிந்தது முழுமையானது என்ற எண்ணத்துக்கு நிழல்கூட இல்லை. கதையின் சுவையே விலை வேறுபாட்டில் நிற்கிறது. அந்த வங்காளியின் கண்ணில் கையிலிருப்பது துவைத்து உலர்த்தவேண்டிய ஒரு துணி. அதைக் கம்பளிக்கு ஈடாகக் கேட்பவன் பைத்தியமாகவோ கேலிக்காரனாகவோதான் இருக்கவேண்டும். துறவி காந்தாவைப் போர்த்தினால் அதற்கு மதிப்பு உண்டாகவேண்டுமென்றால், அதற்கு முன்பே காந்தா ஏழையின் அன்றாடப் பொருளாக எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். அதே நூலின் அந்திய லீலையில் செல்வக்குடியில் பிறந்த ரகுநாததாசர் கிழிந்த துணியும் காந்தாவுமாகப் புரியில் வாழ்ந்ததாக வருவதும் இந்தத் தர்க்கத்தின்படியே.

ஓர் எதிர்வாதம் எழலாம். அந்த வங்காளி இல்லறத்தான் என்று நூல் சொல்லவில்லை. காசிக் கரையில் இருப்பவன் யாத்திரிகனாகவோ துறவியாகவோ இருக்கலாம். உண்மைதான். ஆனால் துறவியாக இருந்திருந்தால் கேலி என்று சந்தேகிப்பதற்குப் பதில் வேறு விடை சொல்லியிருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை நிரூபிக்க முடியாது.

நூலின் காலமும் தீர்ந்தபாடில்லை. முடிவுரைச் சுலோகம் ஆண்டைச் சொற்குறியால் தருகிறது. ஒரு பாடத்தில் கடல், தீ, அம்பு, நிலவு; பின்னிருந்து படித்தால் சக ஆண்டு 1537, அதாவது கி.பி. 1615. மற்றொரு பாடத்தில் கடல் இல்லை. தீ முன்னே வந்து, அடுத்து சுழி நிற்கிறது. அப்படியானால் சக ஆண்டு 1503, கி.பி. 1581. முப்பத்துநான்கு ஆண்டு வித்தியாசம். 1588க்கு முன் முடிந்திராத ஜீவ கோசுவாமியின் கோபால சம்பூ இந்நூலில் பேசப்படுவதால் 1615இன் பக்கம் சாய்கிறேன். எதுவானாலும் நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுத்துக்கும் இடையே இரண்டு தலைமுறையாவது இருக்கிறது. ஆகவே இது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு நேரடிச் சான்றாகாது. நூலாசிரியர் கிருஷ்ணதாசரின் காலத்துக்குத்தான் சான்று.

போர்ச்சுகீசியருக்காக வங்காளத்தில் தைக்கப்பட்ட படுக்கை விரிப்புகளைக் காந்தாவின் மூதாதையாகக் காட்டுவோர் உண்டு. அவை ஏற்றுமதிக்காகப் புதுத்துணியில் டசர் பட்டால் தைக்கப்பட்டவை. உருவங்கள் ஒத்திருக்கலாம், பொருளாதாரம் ஒக்காது. அதற்குமேல் அவற்றில் நிற்கவேண்டியதில்லை.

கிராம்ரிஷ் எங்கே வழுக்கினார்? அவர் பார்த்த மாதிரிகளில் என்பேன். இன்று எஞ்சியுள்ள காந்தாக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை. அவரும் நாட்டுப்புறக் கலைச் சேகரிப்பாளர் குருசதய் தத்தும் சேகரித்தவற்றில் தாமரை, தேர், வெள்ளைக்காரச் சிப்பாய் எனப் படம் நிறைந்தவையே மிகுதி. அவை விருந்தினருக்காகவும் பரிசுக்காகவும் தைக்கப்பட்டு, பெட்டியில் பாதுகாக்கப்பட்டவை. குழந்தைக்கு அடியில் போட்டது, மாட்டுக்காரன் போர்த்தியது, கடைசியில் கரித்துணியாகப் போனது எதுவும் அருங்காட்சியகத்துக்கு வராது. சிறப்பு வகையைப் பார்த்து முழு வழக்கத்துக்கும் தொடக்கம் எழுதினால் தொடக்கம் புனிதமாகத்தான் தெரியும்.

கொல்கத்தாவின் ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தின் மானதாசுந்தரி காந்தா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தைத்தவள் தன் பெயரைப் பொறித்து, தன் தந்தைக்கு அதைக் காணிக்கையாக்குகிறாள். எழுத்தறிவு, ஓய்வுநேரம், பெறுபவர் பார்த்து மெச்சுவார் என்ற எதிர்பார்ப்பு மூன்றும் அந்தப் பொறிப்பில் உள்ளன. கங்கைக் கரையில் காய்ந்த துணிக்கு இவை ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்பதே உண்மையான கேள்வி. ஆலைத்துணி மலிந்து, பழஞ்சேலை அதிகமாகச் சேர்ந்ததும், கடைநூல் கிடைத்ததும் படத்தையலைப் பெருக்கியிருக்கலாம் என்பது என் ஊகம். தையல் நூல்களைச் சேலைக் கரை இழைகளோடு முறுக்கும் சாயமும் பார்த்து ஒப்பிட்டால், எந்தக் காந்தாவில் உருவிய நூல் நின்று வாங்கிய நூல் தொடங்குகிறது என்று வரிசைப்படுத்த முடியும்.