மூன்றாம் வகுப்புப் பிரயாணியும் புகையிரத வரலாறும்

புகையிரத வரலாற்றை எழுதப் புகுந்தோர் நெடுங்காலம் இயந்திரங்களையும் பாலங்களையும் கம்பனிகளின் இலாப நட்டங்களையுமே ஆராய்ந்தனர். பிரயாணி அவ்வரலாற்றில் வெறும் எண்ணாகவே இடம்பெற்றான். பின்னர் இந்நோக்கு மாறலாயிற்று. யேர்மனிய அறிஞர் வொல்ப்காங் சிவெல்புஷ் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், புகையிரதப் பிரயாணம் மனிதரின் கால இட உணர்வை மாற்றிய வகையினை ஆராய்ந்தது. இவ்வாறு பிரயாணியை நடுவாக வைத்து நோக்கின், அவனுக்குற்ற வசதிகள் எவ்வாறு வந்தன என்னும் வினா எழுகின்றது. இங்கிலாந்தின் மூன்றாம் வகுப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

1830ஆம் ஆண்டில் லிவர்பூல் – மான்செஸ்டர் பாதை திறக்கப்பட்டபோது, எதிர்பார்த்ததினும் மிகுதியான மக்கள் அதில் ஏறினர். ஆயினும், பின்னெழுந்த பாதைகளில் ஏழைகள் கூரையற்ற பெட்டிகளிலேயே ஏற்றப்பட்டனர். சிலவற்றில் இருக்கைகளும் இல்லை. 1841 டிசம்பர் 24இல், ரெடிங் நகருக்கு அண்மையிலுள்ள சொனிங் என்னுமிடத்தில், சரிந்து கிடந்த மண்ணில் ஒரு வண்டி மோதியது. தாழ்ந்த பக்கங்களையுடைய திறந்த பெட்டிகளில் இருந்தோருள் ஒன்பதின்மர் உயிரிழந்தனர்.

1844இல் கிளாட்ஸ்டன் முன்னின்று நிறைவேற்றிய சட்டம், புதிய கம்பனிகள் நாடோறும் இரு திசையிலும் ஒரு வண்டியேனும் ஏழைகளுக்காகச் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வண்டி எல்லா நிலையங்களிலும் நிற்றல் வேண்டும். மணிக்கு 12 மைலுக்குக் குறையாது செல்லல் வேண்டும். மழை வெயிலுக்குக் காப்பும் இருக்கையும் உடையதாதல் வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னியை மிஞ்சலாகாது. கம்பனிகள் பல, சட்டத்தின் சொல்லைக் காத்துக் கருத்தைக் கைவிட்டன. அவ்வண்டிகளை மக்களுக்கு வசதியற்ற வேளைகளிலே செலுத்தின.

பெருமாற்றம் 1872இல் நிகழ்ந்தது. ஜேம்ஸ் ஆல்போர்ட் முகாமையாளராயிருந்த மிட்லாண்ட் கம்பனி, தன் எல்லா வண்டிகளிலும் மூன்றாம் வகுப்பினரை ஏற்றியது. 1875இல் இரண்டாம் வகுப்பை ஒழித்து, மூன்றாம் வகுப்பிற்கு மெத்தையிட்ட இருக்கைகளை அளித்தது. முதலில் எதிர்த்த ஏனைய கம்பனிகளும் காலப்போக்கில் அதனைப் பின்பற்றின. இது வெறும் கருணையன்று. தொகையால் மிக்க எளிய மக்களை ஈர்க்கும் கம்பனியே தழைக்கும் என்னும் வணிகக் கணக்கும் இதன்கண் உண்டு.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? போட்டி பயன் தந்தது உண்மையே. ஆனால் சட்டத்திற்குப் பின் அது வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. அதுகாறும் ஏழைப் பிரயாணியின் தலைக்குமேல் கூரையிட்டது சட்டமே. வண்டி குறித்த நேரத்தில் வந்ததா என்பதை மட்டும் ஆராய்தல் போதாது. அதிலிருந்து இறங்கியவர் எந்நிலையில் இறங்கினார் என்பதும் ஆராயற்பாலது.