கலெக்டர் துரையின் வினைச்சொல்

இங்கிலீஷில் 'கலெக்ட்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதற்கு ஓயாத வேலை. பையன் தபால்தலை கலெக்ட் செய்கிறான். பள்ளத்தில் மழைநீர் கலெக்ட் ஆகிறது. கலங்கிப் போனவன் தன்னையே கலெக்ட் செய்து கொள்கிறான். நமக்கோ ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை. தபால்தலையைச் சேர்க்கிறோம், சுள்ளி பொறுக்குகிறோம், தண்ணீர் தேங்குகிறது, மனசு நிதானத்துக்கு வருகிறது. லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒன்றாகக் கூட்டுவது என்று அர்த்தம். பாவம், சாதுவான சொல்.

அது திருநெல்வேலிச் சீமைக்கு உத்தியோகம் பார்க்க வந்த கதை அவ்வளவு சாதுவானதல்ல. 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், வங்காளத்துக் கும்பினி அதிகாரிகளுக்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஒளிவு மறைவு இல்லை: வசூல் செய்கிறவன், அவ்வளவுதான். முன்பே இருந்த தாசில்தாரும் அதே சரக்குதான். அரபியில் தாசில் என்றாலும் வசூல்.

1792 உடன்படிக்கையில் தென்பாண்டிப் பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் அதிகாரம் ஆர்க்காட்டு நவாபின் கையிலிருந்து கும்பினிக்குப் போயிற்று. 1798-ல் கப்பப் பாக்கிக்காகக் கலெக்டர் ஜாக்ஸன் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை அழைத்தார். ஊர் ஊராகப் பின்னால் அலையவிட்டு, செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி கொடுத்தார். பேச்சு கைகலப்பாகி லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். ஜாக்ஸனுக்கு வேலை போயிற்று; லஷிங்டன் வந்தார். கலெக்டர் மாறினாலும் கணக்கு மாறவில்லை. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் கர்நாடகம் முழுதும் கும்பினி வசமான பிறகு, வசூல்காரரே ஜில்லாவுக்கு ராஜாவானார்.

நமக்கு இதற்குச் சொல் இல்லாமலா? வரி தண்டுவது என்பது பழைய தமிழ். சென்னைப் பக்கம் தினவட்டிக் கடனுக்கு இன்னும் தண்டல் என்றே பெயர். ஆனால் தாமிரபரணிக் கரைக் கிராமங்களில் வேறொரு சொல் உண்டு. கோயில் கொடைக்கு நாள் குறித்ததும் நாலு பேர் 'வரி பிரிக்க'க் கிளம்புவார்கள். கூட்டுகிற காரியத்துக்குப் பிரிக்கிறது என்று பெயர்! யோசித்தால் நியாயம் புரிகிறது. மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு என்று செலவு முதலில் ஊருக்குத் தெரியும். பிறகு அது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரியும். கொடை முடிந்ததும் கணக்கு வாசிப்பார்கள். சண்டையும் அங்கேயே நடக்கும். இங்கிலீஷ்காரன் வாங்குகிற பையைப் பார்த்துச் சொல் வைத்தான். இவர்கள் கொடுக்கிற கைகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

நஞ்சையிலும் பழைய அமானி முறையில் பிரிக்கிற பேச்சுதான். களத்தில் நெல்லை அம்பாரமாகக் குவித்து, மேல்வாரம், குடிவாரம் என்று பங்கு பிரிப்பார்கள். முத்திரை வைத்த அம்பாரத்தை, மேகம் திரண்டு வந்தாலும், பங்கு பிரியுமுன் குடியானவன் தொடக்கூடாது. ஆகையால் அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்று உண்டு: விளைச்சல் குறைந்தால் சர்க்கார் பங்கும் தானாகவே குறையும். பணத் தீர்வை வந்தபின் கிஸ்தித் தேதி விளைச்சலைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தள்ளுபடிக்கு மனுப் போட வேண்டும், அதுவும் அதே கலெக்டருக்கு.

இப்போது அரசாங்கப் பலகைகளில் 'மாவட்ட ஆட்சித் தலைவர்' என்று எழுதியிருக்கிறது. வசூல் என்ற வாசனையே அதில் இல்லை. கொக்கிரகுளத்தில் மனுவும் கையுமாகப் பஸ்ஸை விட்டு இறங்குகிற கிழவி மட்டும், "கலெக்டர் ஆபீஸுக்கு எப்படிய்யா போகணும்?" என்றுதான் கேட்கிறாள்.