மண்ணெண்ணெயில் ஓடின காருக்கு ஏசி

பெரியப்பா தன்ர ஒஸ்ரின் ஏ60க்கு ஏசி பூட்டப்போறன் எண்டு சொன்ன நாளில இருந்து வீட்டில ரெண்டு கட்சி. "பழைய கார் பழைய காராவே இருக்கவேணும்" எண்டது ஒரு கட்சி. "மத்தியானத்தில காங்கேசன்துறையில இருந்து ரவுணுக்கு அதுக்குள்ள இருந்து பாருங்கோ" எண்டது மற்றக் கட்சி. நான் ரெண்டாவது. ஆனால் காரணம் வெயில் மட்டுமில்லை.

இந்தக் கார்கள் எங்களிட்ட மிஞ்சினதே ஒரு விபத்து. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு தெற்கில் யப்பான் கார்கள் பெருகின. வடக்கிலோ போரும் பொருளாதாரத் தடையும். 1990க்குப் பிறகு பெற்றோல் கிடைப்பதே பெரும்பாடு. அப்போது ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அது சாத்தியமானது. புகையும் நாற்றமும் சொல்லி வேலையில்லை. ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், இடம்பெயர்ந்த சனத்தின் பெட்டி படுக்கையைச் சுமந்ததும் இவைதான்.

காருக்குக் குளிர் என்பது இவற்றைவிடப் பழைய யோசனை. 1939இல் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் ஏசியோடு கார் விற்றது. குளிரூட்டும் பகுதி டிக்கியின் பாதியைப் பிடித்துக்கொண்டது. நிறுத்துவதற்குச் சுவிச் போதாது. பொனற்றைத் திறந்து கொம்பிரசர் பெல்ற்றைக் கழற்றவேணும்! இங்கிலாந்தின் குளிருக்குச் செய்த ஒஸ்ரினுக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. முன்கதவில் இருக்கிற முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காற்று முகத்தில அடிக்கும். ஓடும்போது அது நல்ல ஏசிதான். றெயில்வே கடவையில் நிண்டால்தான் தெரியும்.

ஏ60இன் 1622 சிசி எஞ்சின் தருவது ஏறக்குறைய 61 குதிரைவலு. அதில் சிலதைக் கொம்பிரசர் தின்னும், அதைத் தாங்கலாம். உண்மையான தலையிடி மின்சாரம். அந்தக் காலத்து டைனமோ முழு வேகத்திலேயே 22 அம்பியர் அளவுதான் தரும். நிண்டுகொண்டு எஞ்சின் ஓடினால் ஒண்டுமே இல்லாத மாதிரி. ஏசி விசிறிகளும் கிளச்சும் அதை விழுங்கிவிடும். ஆகவே ஓல்டநேற்றர் வேணும். பல ஒஸ்ரின்களில் பற்றியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும், அதையும் மாற்றவேணும். பிறகு கொண்டென்சர் றேடியேற்றருக்கு முன்னால் இருந்து சூட்டை உள்ளே தள்ளும். அதுக்கு ஒரு மின்விசிறி. காங்கேசன்துறைக் கடற்காற்றில் அலுமினியக் கொண்டென்சர் எத்தனை வருசம் தாங்கும் எண்டதும் யோசிக்கவேண்டியது.

வாயுவும் மாறிவிட்டது. முன்பு ஏசியில் நிரப்பிய ஆர்12, ஓசோன் படலத்தைத் தின்பதால் 1987 மொன்றியல் உடன்படிக்கையின்படி ஒழிக்கப்பட்டது. இப்போது பூட்டுகிறவர் ஆர்134ஏக்கு ஏற்ற குழாய், எண்ணெய் எல்லாம் எடுக்கவேணும்.

டாஷ்போட்டை வெட்டுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டன். அதுக்குக் கீழே தொங்குகிற தனிப்பெட்டி போதும். நாளைக்குக் கழற்றினாலும் ஓட்டை தெரியாது. ஏசி இல்லாமல் ஒருத்தரும் ஏறாமல் விட்டால் இந்தக் கார் கொட்டிலுக்குள் துருப்பிடிக்கும், பிறகு இரும்புக்குப் போகும். அதுக்காகவா அது மண்ணெண்ணெய் குடிச்சுத் தப்பினது?

பெரியப்பா இன்னும் முடிவு சொல்லேல்லை. போன கிழமை ஓல்டநேற்றர் மட்டும் வாங்கி வந்து, மேசைக்குக் கீழே, பெரியம்மாவுக்குத் தெரியாமல் வைச்சிருக்கிறார்.