கொயினா மரமும் ஊவாத் தோட்டங்களும்

மலைநாட்டின் பொருளாதார வரலாற்றைப் பேசுவோர் கோப்பியிலிருந்து தேயிலைக்கு ஒரே எட்டில் தாவிவிடுகின்றனர். இரண்டுக்கும் இடையே ஊவாவின் சரிவுகளில் மற்றொரு பயிர் தழைத்து மறைந்தது. சிங்கோனா என்பது அதன் பெயர். அதன் பட்டையிலிருந்து எடுக்கும் குளிர்காய்ச்சல் மருந்தைத்தான் நம் மக்கள் கொயினா என்றனர்.

இம்மரம் நம் நாட்டு மரமன்று. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சாரல் அதன் தாயகம். 17ஆம் நூற்றாண்டில் அதன் பட்டை ஐரோப்பாவை எட்டியது. பெரு நாட்டு ஆளுநரின் மனைவியான சிஞ்சோன் சீமாட்டி அதனால் பிழைத்தெழுந்தாள் என்பது பின்னர் புனைந்த கதை. ஆயினும் லின்னேயஸ் 1742இல் அவள் பெயரையே மரத்துக்குச் சூட்டினார். பட்டையை வெட்டிச் சுமந்த மலைவாசிகளின் பெயரைச் சூட்ட எவருக்கும் தோன்றவில்லை! 1820இல் பெல்லத்தியேயும் கவந்துவும் பட்டையின் சாரமாகிய குயினைனைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் வெப்பநாடுகளில் படை நடத்திய வல்லரசுகளுக்குத் துப்பாக்கி மருந்தைப் போலவே இந்த மருந்தும் இன்றியமையாததாயிற்று.

கிளெமன்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து திரட்டிய கன்றுகளும் விதைகளும் நீலகிரிக்கு வந்தன. 1861இல், நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியே பதுளைக்கு இறங்கும் சாலையில், ஹக்கலைத் தோட்டம் இம்மரத்துக்கென்றே நிறுவப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் கன்றுகளைத் துரைமாருக்கு வழங்க முன்வந்தார். அவர்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கோப்பி பொன்னாய் விளைந்த காலம் அது. காய்ச்சலுக்கு மருந்து தேவை என்பது மரம் நடுவதற்குப் போதிய காரணமாக அவர்களுக்குப் படவில்லை.

காரணம் 1869இல் கிடைத்தது. அவ்வாண்டு ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைநோய் கண்டது. செம்மஞ்சள் துகள் படர்ந்து இலைகள் உதிர்ந்தன. சில ஆண்டுகளில் மலைநாடெங்கும் கோப்பி சாய்ந்தது. கடனில் மூழ்கிய துரைமார் அப்பொழுதுதான் சிங்கோனாவின் பக்கம் திரும்பினர். அந்நாளில் குயினைன் ஓர் அவுன்சு பன்னிரண்டு ஷில்லிங் வரை விற்றது. 1883இல் இலங்கையில் ஏறத்தாழ 64,000 ஏக்கரில் சிங்கோனா நின்றது. 1886இல், ஊவா தனி மாகாணமாக்கப்பட்ட அதே ஆண்டில், ஏறத்தாழ 1.5 கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது.

இப்பட்டையை உரித்த கைகள் யாருடையவை? தமிழகத்திலிருந்து கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுண்டு வந்தவர்களுடையவை. மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் வழியே நாட்கணக்காக நடந்து, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம்மோடு வந்தவர்களைப் பலிகொடுத்து மலையேறியவர்கள் அவர்கள். பதுளைப் பகுதிக்குப் போவோருக்கு நடை இன்னும் நீண்டது. தலைமன்னார் இரயில் பாதை 1914இலும் பதுளைக்கான பாதை 1924இலும்தான் திறக்கப்பட்டன. உள்ளிருக்கும் பட்டை சிதையாமல் மேற்பட்டையை மட்டும் சீவி எடுத்தால் மரம் மீண்டும் பட்டை வளர்க்கும். கைநுணுக்கம் வேண்டும் அவ்வேலையைச் செய்தவன், தான் சீவுவது தன் காய்ச்சலுக்குரிய மருந்து என்று அறிந்திருப்பானோ! அவனுக்குத் தெரிந்தவை ஊரிலிருந்து வந்த நிலவேம்பும், சிங்கள அயலார் கொத்தமல்லியோடு அவித்துக் குடித்த மரமஞ்சளுந்தான்.

தோட்டங்களில் குயினைன் இருந்ததேயில்லை என்று சொல்வது பொய்யாகும். 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென ஒரு சட்டம் வந்தது. மருந்தறைகளும் மருத்துவமனைகளும் படிப்படியாகத் தோன்றின. ஆனால் அங்கே கிடைத்த மருந்து தொழிலாளியின் உரிமையாகக் கிடைக்கவில்லை. நாளைக்கு ஆள் வேலைக்கு வரவேண்டும் என்னும் கணக்கே அதனை அளந்தது.

இந்த இடத்தில் அண்டை நாட்டையும் நோக்குதல் தகும். நீலகிரியிலும் வங்கத்தின் மங்ப்பூவிலும் அரசே தோட்டமும் தொழிற்சாலையும் நடத்தியது. 1892 முதல் வங்கத்து அஞ்சலகங்களில் சிறு பொட்டலமாகக் குயினைன் மலிவு விலைக்கு விற்கப்பட்டது. அங்கு ஆண்டவர்களும் அதே ஆங்கிலேயர்தாம். அவர்களுக்குத் தனியாக இரக்கம் சுரந்துவிடவில்லை. படையும் உழைப்பும் வேண்டியிருந்தன, அவ்வளவே. எனினும் மரம் அரசின் கையிலிருந்தமையால் மருந்து கிராமத்தின் வாயிலை எட்டிற்று. இலங்கையில் மரம் தனியார் கையிலிருந்தது. பட்டை மூட்டையாய் இலண்டன் ஏலச் சந்தைக்குப் போயிற்று.

அச்சந்தையே அதனைக் கொன்றது. ஒவ்வொரு துரையும் விலை விழுமுன் விற்றுவிட விரைந்தான். எல்லாரும் விரைந்தமையால் விலை விழுந்தது. 1890களின் தொடக்கத்தில் குயினைன் அவுன்சு ஓரிரு ஷில்லிங்குக்கு வந்துவிட்டது. விலை விழுந்ததும், சீவிய மரங்களையும் வேரோடு பிடுங்கி, வேர்ப்பட்டையையும் உரித்து விற்றுவிட்டு, அக்குழிகளிலேயே தேயிலையை நட்டனர். காய்ச்சல் குறைந்ததால் மரம் வீழ்த்தப்படவில்லை. மருந்து மலிந்ததால் வீழ்த்தப்பட்டது!

களம் ஜாவாவுக்கு மாறிற்று. பொலிவிய நாட்டுப் பழங்குடி மகனான மனுவேல் இங்க்ரா மமானி திரட்டிய உயர்ந்த விதையை, அவன் எசமான் சார்ல்ஸ் லெட்ஜர் 1865இல் டச்சு அரசுக்கு விற்றான். அந்த மரத்தின் பட்டையில் குயினைன் பன்மடங்கு மிகுதி. விதை திரட்டிய மமானி சிறையில் அடியுண்டு, அதனாலேயே மாண்டான். மரம் லெட்ஜரின் பெயரைப் பெற்றது. 1930களில் உலகக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவினுடையது. அதன் விலையை ஆம்ஸ்டர்டாமில் ஒரு கூட்டு நிர்ணயித்தது.

1934இல் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களை மையமாகக் கொண்டு எழுந்த மலேரியாவில், 1935க்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஊவாவின் உயர்ந்த மலைகள் கொள்ளைநோயின் கடுமைக்குத் தப்பின. கீழே வெல்லசைச் சமவெளிக்கோ காய்ச்சல் புதிதன்று. 1818இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய படை அங்கே வயலையும் ஊரையும் பாழாக்கியது முதல், அந்நிலம் காட்டுக்கும் காய்ச்சலுக்கும் இரையாகவே கிடந்தது.

அரை நூற்றாண்டுக்கு முன் கோடிக்கணக்கான இறாத்தல் பட்டையை ஏற்றுமதி செய்த நாடு, அன்று குயினைனை விலைகொடுத்து இறக்குமதி செய்தது. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த எஸ். ஏ. விக்கிரமசிங்க, பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா முதலியோர் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். பட்டினியால் நைந்த உடலில் மருந்து மட்டும் நில்லாது என்பதை அவர்கள் அங்கே கண்டனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது அந்த அனுபவத்தின் பின்னணியிலேதான்.

1946க்குப் பின் டி.டி.டி. தெளித்ததால் மலேரியா தணிந்தது. 1963இல் நாடு முழுதும் 17 பேருக்கே நோய் கண்டது. கண்காணிப்புத் தளர்ந்ததும் 1967 முதல் மீண்டும் பெருகியது. பல்லாண்டு உழைப்பின் பின், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என அறிவித்தது. சிங்கோனாவுக்கென்று தொடங்கிய ஹக்கலைத் தோட்டத்தில் இன்று மக்கள் ரோஜா பார்க்க வருகின்றனர்.