உதவி பெறுவோரும் பாலியல் சுரண்டல் தடுப்பும்: கொல்லிமலையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் மேலே செல்ல முடியும். இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். (பெயரைக் கண்டு இவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் மலையில் வாழும் தமிழர்கள்.) இம்மலைக்கு வெளியிலிருந்து உதவி வருவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1913-இல் திருமணமான ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் இங்கேயே தங்கி மருத்துவமும் கல்வியும் அளித்தனர். தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட் இவர்களின் மகன். 1914-இல் இம்மலையில்தான் பிறந்தார். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின் தமது முதுமையிலும் மலைகளை விட்டு இறங்கவில்லை.

அதன்பின் அரசின் பழங்குடியினர் நலத்துறை உண்டு உறைவிடப் பள்ளிகளைத் திறந்தது. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் காக்கும் பணியைத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் பின்னர் வந்தன. இவற்றால் மலைக்கு நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உதவி கொண்டு வருபவர் யார், அவரை அனுப்பியவர் அவரைப் பற்றி என்ன விசாரித்தார், அவர் தவறு செய்தால் உதவி பெறுபவர் யாரிடம் சொல்வது என்ற கேள்விகளை நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை. அக்கேள்விகள் எப்படி எழுந்தன, எப்படி விதிகளாயின என்பதைக் கூறுவதே இக்கட்டுரை.

மேற்கு ஆப்பிரிக்கா, 2002

உதவி வழங்குவோரே உதவி பெறுவோரைப் பாலியல் முறையில் சுரண்டுவது பழைய கொடுமை. எனினும் அது உலகின் முன் ஆவணமாக வந்தது 2002-இல்தான். லைபீரியா, கினி, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளின் அகதி முகாம்களில், ஐ.நா. அகதிகள் ஆணையமும் 'சேவ் தி சில்ரன்' அமைப்பின் பிரிட்டன் கிளையும் 2001-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆய்வு நடத்தின. குழந்தைகள், பெரியவர்கள் என ஏறத்தாழ 1,500 பேரிடம் பேசினர். 40 அமைப்புகளைச் சேர்ந்த 67 பேர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. இவர்களில் பெரும்பாலோர் உள்ளூரில் பணியமர்த்தப்பட்டவர்கள். கோதுமை, பிஸ்கட், சோப்பு, கூரைக்கான பிளாஸ்டிக் விரிப்பு, மருந்து என முகாமில் வாழ எதுவெல்லாம் தேவையோ அதுவெல்லாம் விலைபேசப்பட்டிருந்தது. பட்டியலில் பெயர் சேர்க்கும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவரே சிறுமிகளை மிரட்டவும் முடிந்தது.

பின்னர் ஐ.நா.வின் உள் மேற்பார்வை அலுவலகம் விசாரித்தபோது ஒரு சில புகார்களை மட்டுமே உறுதிசெய்ய முடிந்தது. இதை வைத்து முதல் அறிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அகதிப் பெண் ஒருத்தி தனக்கு அரிசி அளப்பவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அதே வரிசையில் நிற்க வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் புகார்களின் எண்ணிக்கையைப் பேசுவதில் பயனில்லை.

2003 அக்டோபர் 9 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் ஓர் அறிவிக்கை வெளியிட்டார். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவருடனும் பாலியல் உறவு கூடாது. வயதைத் தவறாகக் கருதிவிட்டேன் என்பது சாக்காகாது. பணம், வேலை, பொருள், சேவை எதையும் பாலுறவுக்கு ஈடாகத் தரக்கூடாது. உதவி பெறும் உரிமை உள்ளவருக்கு அந்த உதவியையே ஈடாகக் காட்டுவதும் இதில் அடங்கும். இவை பலரும் அறிந்த பகுதிகள். நமது பொருளுக்கு முக்கியமானது அதன் ஆறாம் பிரிவு. ஐ.நா.வுடன் ஒப்பந்தம் செய்து பணியாற்றும் பிற அமைப்புகளும் இவ்விதிகளை ஏற்று எழுத்தில் உறுதி தர வேண்டும். தடுப்பு நடவடிக்கை எடுக்காவிட்டால், புகாரை விசாரிக்காவிட்டால் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். 'கூட்டாளி நிறுவனம்' பொறுப்புக்கு உட்பட்டது இந்தப் பிரிவால்தான்.

எழுதி வைத்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஹெய்ட்டியில் அமைதிப்படையில் இருந்த இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் 2007 நவம்பரில் பாலியல் சுரண்டல் புகாரின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே நாட்டில் 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் பணியாளர்கள் சிலர் செய்த தவறு 2011-இல் உள்ளுக்குள் விசாரிக்கப்பட்டு, 2018 பிப்ரவரியில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அங்கே விலக அனுமதிக்கப்பட்ட பொறுப்பாளர் வேறோர் அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து வங்கதேசத்துக்குப் போயிருந்தார். முந்தைய இடத்தில் நடந்தது புதிய அமைப்புக்கு முழுமையாகச் சொல்லப்பட்டிருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம். 2019-இல் பல தொண்டு அமைப்புகள் சேர்ந்து, பணிக்கு எடுக்குமுன் ஒருவரின் பழைய நடத்தையை முன்னாள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கும் ஏற்பாட்டைத் தொடங்கின.

மதிப்பீடு என்பது என்ன?

2020-இல் ஐ.நா. அமைப்புகள் கூட்டாளி நிறுவனங்களை மதிப்பிடப் பொதுவான ஒரு படிவத்தை உருவாக்கின. அதில் எட்டு அளவுகோல்கள் உள்ளன. எழுத்தில் கொள்கை உண்டா, துணை ஒப்பந்தக்காரர்களையும் அது கட்டுப்படுத்துகிறதா, ஆளெடுக்கும்போது பின்னணி விசாரிக்கப்படுகிறதா, ஆண்டுதோறும் பயிற்சி நடக்கிறதா, புகார் செய்ய வழி உண்டா, பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவமும் சட்ட உதவியும் கிடைக்குமா, விசாரிக்கத் தகுந்த ஆள் உண்டா, பழைய புகாரில் திருத்த நடவடிக்கை எடுத்தார்களா என்பன அவை. குறைவான மதிப்பெண் பெற்ற சிறு நிறுவனத்தை உடனே விலக்கிவிடாமல், குறித்த காலத்துக்குள் குறைகளைச் சரிசெய்யத் திட்டம் போட்டுக் கொடுப்பதே இதன் நோக்கம். ஆசிரியனாக இருந்தவனுக்கு இது பிடித்திருக்கிறது. தேர்வில் தவறியவனைப் பள்ளியைவிட்டு அனுப்புவதால் அவன் கற்றுக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ஒன்று, இவற்றில் முதல் நான்கையும் ஒரு நல்ல தட்டச்சாளர் இரண்டு நாளில் தயாரித்துவிடலாம். ஐந்தாவதை மட்டும் பயனாளியிடம் கேட்டால்தான் தெரியும்.

மாமல்லபுரம் முதல் முசாஃபர்பூர் வரை

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பெற்றோரை இழந்த குழந்தைகளை அழைத்துச் செல்லப் பலர் வந்தனர். தமிழக அரசு அவர்களைத் தனியாரிடம் ஒப்படைக்க மறுத்து, நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் தானே இல்லங்களைத் திறந்தது. அவசர வேளையில் எடுத்த அம்முடிவு மிகச் சரியானது என்பதே என் கருத்து.

2007 ஜூலையில் மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக ஓர் ஆங்கில நாளிதழில் கட்டுரை வந்தது. அதை இணைத்து உச்ச நீதிமன்றத்துக்கு எழுதப்பட்ட கடிதம் பொதுநல வழக்காக ஏற்கப்பட்டது. 'தமிழ்நாட்டின் அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல்' என்ற பொருள்படும் தலைப்பிலேயே அவ்வழக்கு இன்றும் அறியப்படுகிறது. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஒரு தீர்ப்பின் தலைப்பில் நம் மாநிலத்தின் பெயர் இவ்வாறு நிற்பது வருத்தத்துக்குரியது.

பத்து ஆண்டுகள் நடந்த இவ்வழக்கில் 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் பி. லோகூர், தீபக் குப்தா ஆகியோர் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டு இறுதிக்குள் எல்லாக் குழந்தை இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். ஆய்வுக் குழுக்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும். சமூகத் தணிக்கை நடத்த வேண்டும். பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பன அதன் ஆணைகளில் சில. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 41-ஆம் பிரிவு பதிவை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தது. 42-ஆம் பிரிவில் தண்டனையும் இருந்தது. ஆயினும் நடுவண் அரசு கணக்கெடுத்தபோது கண்டறியப்பட்ட 9,589 இல்லங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே அச்சட்டத்தின்கீழ் பதிவாகியிருந்தன. தமிழ்நாட்டில் 2014-இல் பொள்ளாச்சியில் ஒரு தனியார் விடுதிச் சிறுமியருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, மகளிர், குழந்தைகள் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தத் தனிச் சட்டம் அவ்வாண்டே இயற்றப்பட்டது.

பீகார் அரசு தன் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்திய இல்லங்களைத் தணிக்கை செய்யும் பணியை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழு 110 இல்லங்களைப் பார்வையிட்டு 2018-இல் அறிக்கை தந்தது. முசாஃபர்பூரில் சிறுமியர் இல்லம் ஒன்றில் நடந்த தொடர் வன்கொடுமை அதனால்தான் வெளிவந்தது. மருத்துவப் பரிசோதனையில் 30-க்கும் மேற்பட்ட சிறுமியர் பாதிக்கப்பட்டது தெரிந்தது. நடுவண் புலனாய்வுக் கழகம் விசாரித்த அவ்வழக்கு தில்லிக்கு மாற்றப்பட்டது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. இல்லத்தை நடத்திய பிரஜேஷ் தாக்குருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இல்லம் ஒளிந்திருந்த இடமன்று. அரசு நிதி பெற்றது. கோப்புகள் இருந்தன. தணிக்கைக் குழு புதிதாகச் செய்தது என்னவென்றால், பதிவேட்டைப் பார்த்ததோடு நில்லாமல் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசியது. அவ்வளவுதான்.

மலைக்குத் திரும்புவோம்

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் அமைப்பினர் வேனில் வந்து விடுதி மாணவியருக்குப் போர்வையும் நோட்டுப் புத்தகங்களும் கொடுத்தனர். வந்தவர்களில் ஒருவர் மேற்படிப்புக்கு உதவுவதாகக் கூறிச் சில பெண்பிள்ளைகளின் ஊர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனியே எழுதிக்கொண்டார். ஆசிரியர்களாகிய நாங்கள் அவருக்குத் தேநீர் கொடுத்தோம். பெயரைக்கூட எழுதி வாங்கவில்லை. பதிவேட்டில் அமைப்பின் பெயர் மட்டும் இருந்தது. அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். தீமை எதுவும் நடக்கவில்லை என்று இன்று உறுதியாகச் சொல்வதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

2019 ஏப்ரலில் ராசிபுரத்தைச் சேர்ந்த முன்னாள் செவிலியர் ஒருவர் குழந்தை விற்பனை பற்றிப் பேசிய ஒலிப்பதிவு பரவி அவர் கைதானார். கொல்லிமலையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் கைதானார். மலையில் பிறந்த குழந்தைகளின் பதிவேடுகளைச் சுகாதாரத் துறையினர் வீடுவீடாகச் சரிபார்த்தனர். இது பாலியல் குற்றமன்று. ஆனால் பிரசவத்துக்கு அழைத்துச் செல்லும் வண்டியும் வெள்ளை உடையும் மலைமக்களிடம் பெற்றிருந்த நம்பிக்கையே இதற்கு முதலீடாகியது என்பதால் இங்கே சொல்கிறேன்.

புகார் செய்தால் என்ன ஆகும் என்பதை இம்மக்கள் அறிவார்கள். இவர்களின் இனத்தவர் வாழும் தருமபுரி மாவட்ட வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று 18 பெண்கள் அரசு ஊழியர்களால் வன்கொடுமைக்கு ஆளாயினர். தண்டனை 2011-இல் வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல்.

நம் நாட்டில் 2020 திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. ஆகவே இங்கு 'கூட்டாளி' உறவு பெரும்பாலும் அரசுத் துறைக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இடையிலோ, பெருநிறுவனத்துக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இடையிலோ அமைகிறது. அங்கே கேட்கப்படுபவை பதிவுச் சான்று, வருமான வரிச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, முன் அனுபவம். கணக்குக்குத் தணிக்கையாளர் கையெழுத்து வேண்டும் என்பதில் எல்லோரும் கண்டிப்பாக இருக்கிறார்கள். களப்பணிக்குப் போகும் ஆளின் பழைய நடத்தை பற்றி ஒரு கடிதம் கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் ஒரு விடுதி மண்டபத்தில் திட்ட அலுவலர்களுக்குப் படக்காட்சி போட்டு மதிய உணவுடன் முடிப்பது பயிற்சியாகாது. வண்டி ஓட்டுபவர், சமையலர், காவலாளி, மூட்டை இறக்குபவர், பட்டியல் எழுதும் உள்ளூர் இளைஞர் ஆகியோர்தாம் பயனாளியைத் தனியே சந்திப்பவர்கள். அவர்களுக்குச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். போக்சோ சட்டம், 2012-இன்படி குழந்தைக்கு எதிரான குற்றம் தெரிந்தும் சொல்லாமலிருப்பது தண்டனைக்குரியது. நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பொருள் பெற வருபவர்களுக்கோ இன்னும் எளிய பாடம் போதும். இந்தப் பை இலவசம், இதற்கு எந்த ஈடும் தர வேண்டியதில்லை, யாராவது கேட்டால் இன்னாரிடம் சொல்லுங்கள் என்று மேடையில் ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடலாம்.

அந்த 'இன்னார்' யார்? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். அங்கு வேலை செய்யாத பெண்ணும் அதன்கீழ்ப் புகார் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. பத்துப் பேருக்குக் குறைவாக ஊழியர் உள்ள சிறு நிறுவனமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செல்ல வேண்டும். அதற்காக ஒரு பெண் ஒரு நாள் கூலியை இழந்து, 70 வளைவுகளையும் இறங்கி நாமக்கல் வரை போக வேண்டியதில்லை. ஊரகத்திலும் பழங்குடிப் பகுதியிலும் வட்டாரந்தோறும் ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டு, அவர் புகாரைப் பெற்று ஏழு நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 6-ஆம் பிரிவு கூறுகிறது. அவர் பெயரையும் எண்ணையும் செம்மேடு பேருந்து நிறுத்தத்திலும், நியாய விலைக் கடைகளிலும், உறைவிடப் பள்ளிகளின் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும்.