ஒரு சிறு துண்டுச் சதையின் வரலாறு

மலர்க் குழு நண்பர்கள், "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டார்கள். கல்லூரியின் வரலாற்றை எழுத மூத்தவர்கள் இருக்கிறார்கள். கேன்டீனின் வரலாற்றை எழுத எங்கள் பேட்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது பயாப்ஸியின் வரலாறு. குறிப்பாக, வாய்ப்புண்ணில் செய்யும் பயாப்ஸி.

மெக்கானிக்கல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வார்ப்பின் மேல் சந்தேகம் வந்தால் ஒரு சிறு துண்டை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, நைட்டால் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மெட்டலர்ஜி லேபில் நாம் எல்லோரும் விரல் தேயத் தேய்த்த அதே சமாச்சாரம். வெளியே பளபளவென்று இருக்கும் வார்ப்பு உள்ளே எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மனித உடம்புக்கும் இதே விதிதான் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஜெர்மானியரான ருடால்ஃப் விர்ஹோ, நோய் என்பது செல்களில் நடக்கும் மாற்றம் என்று 1858ல் புத்தகமே எழுதினார். உயிரோடு இருப்பவரிடமிருந்து துண்டு எடுத்துப் பார்ப்பதற்கு 'பயாப்ஸி' என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு தோல் மருத்துவர் எர்னஸ்ட் பெனியே. அது 1879ல். பெயர் வைத்து பத்து வருஷம் ஆவதற்குள் இந்தச் சோதனை ஒரு சாம்ராஜ்யத்தின் அரண்மனைக்குள் நுழைந்து பெரிய வம்பில் மாட்டிக்கொண்டது.

1887 தொடக்கத்தில் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃப்ரெடரிக்கின் குரல் கம்மியது. குரல்வளையில் ஒரு சிறு தடிப்பு. பெர்லின் டாக்டர்கள் புற்று என்று சந்தேகித்து, கழுத்தைத் திறந்து அறுத்துவிடலாம் என்றார்கள். அதற்கு முன் லண்டனிலிருந்து மோரல் மெக்கன்ஸி என்ற தொண்டை நிபுணரை வரவழைத்தார்கள். அவர், "துண்டு எடுத்துப் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது" என்றார். இதுவரை சரி. அவரே இடுக்கியால் சிறு துண்டுகளைக் கிள்ளி எடுக்க, அவை சாட்சாத் விர்ஹோவின் மேஜைக்கே போயின. புற்றுக்கான அடையாளம் இல்லை என்று பதில் வந்தது. அறுவை நின்றது. அந்த நவம்பரில் புற்றுதான் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. 1888 மார்ச்சில் ஃப்ரெடரிக் பேச முடியாத நிலையில் சக்கரவர்த்தியானார். 99 நாள் ஆண்டு, ஜூன் 15 அன்று காலமானார்.

அவர் பிழைத்திருந்தால் மகன் இரண்டாம் வில்ஹெல்ம் அவ்வளவு சீக்கிரம் பட்டத்துக்கு வந்திருக்க மாட்டார், முதல் உலகப் போரே வந்திருக்காது என்றெல்லாம் பேசுபவர்கள் உண்டு. அந்த ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். குரல்வளை அறுவையில் அந்தக் காலத்தில் செத்தவர்களும் நிறைய. என் கண்ணில் படுவது வேறு: விர்ஹோ தப்பாகப் பார்க்கவில்லை. என்னிடம் வந்த துண்டு நன்றாக இருக்கிறது, முழு நோயும் இப்படித்தான் என்று இந்தத் துண்டுகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். அந்த இரண்டாவது பகுதியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் தொழிலில் இதைச் சாம்பிளிங் கோளாறு என்போம். விரிசல் ஒரு மூலையில் இருக்க, துண்டை இன்னொரு மூலையில் வெட்டினால் ரிப்போர்ட் சுத்தமாகத்தான் வரும்.

இனி தொண்டையிலிருந்து வாய்க்கு வருவோம், ஊர் வாஷிங்டன். 1893 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்டின் மேல் அண்ணத்தில், இடப்பக்கம், கால் டாலர் நாணய அளவில் ஒரு சொரசொரப்பான புண். ஆள் சுருட்டுப் பிரியர். வெள்ளை மாளிகை டாக்டர் ஒரு துண்டை எடுத்து, யாருடையது என்று சொல்லாமல் ராணுவ மருத்துவ மியூசியத்துக்கு அனுப்பினார். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பார்ப்பவருக்கு அது ஜனாதிபதியா ஜவானா என்று தெரியாது. சதை மட்டும்தான் தெரியும். பதில், புற்று வகை என்று வந்தது.

ஃப்ரெடரிக்குக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நடந்த இழுபறி இங்கே சுமார் இரண்டே வாரத்தில் முடிந்தது. நாட்டில் அப்போது பெரும் பண நெருக்கடி. செய்தி கசிந்தால் சந்தை சரிந்துவிடும் என்ற பயம். அதனால் நண்பர் ஒருவரின் 'ஒனைடா' என்ற உல்லாசப் படகில், ஜூலை 1 அன்று, நாற்காலியைப் பாய்மரத்தோடு கட்டி உட்காரவைத்து அறுவை செய்தார்கள். இடது மேல்தாடையில் ஒரு பகுதியும் ஐந்து பற்களும் போயின. வெளியே ஒரு தழும்பு கூடத் தெரியாமல் முழுக்க வாய் வழியாகவே முடித்தார்கள். ஜூலை 17ல் மிச்சமிருந்த சந்தேகமான இடத்தையும் சுரண்டினார்கள். ரப்பரில் ஒரு தாடைத் துண்டு செய்து பொருத்தியதும் பேச்சு பழையபடி வந்துவிட்டது! பல்வலி என்று சொல்லிப் பத்திரிகைகளைச் சமாளித்தார்கள். ஆகஸ்டில் உண்மையை எழுதிய நிருபர் எட்வர்ட்ஸைப் பொய்யர் என்றார்கள். அறுவையில் இருந்த டாக்டர் கீன் 1917ல் எல்லாவற்றையும் வெளியிட்ட பிறகுதான் அவர் சொன்னது நிஜம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. கிளீவ்லாண்ட் அதற்குள், 1908ல், காலமாகியிருந்தார். அறுவைக்குப் பின் அவர் வாழ்ந்தது 15 வருஷம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு நண்பன். ஹாஸ்டலில் என் பக்கத்து அறை. பெயர் வேண்டாம். மூன்றாம் ஆண்டில் பிராஜெக்ட் வேலைக்காக ராத்திரி விழிக்க ஆரம்பித்தது, பாக்குப் பொட்டலத்தில் வந்து நின்றது. வேலைக்குப் போயும் விடவில்லை. போன வருஷம் போன் செய்தான். "மச்சான், கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையா ஒரு படை மாதிரி இருக்குடா. வலி ஒண்ணும் இல்ல. பல் டாக்டர் துண்டு எடுக்கணும்ங்கறார். கத்தி பட்டா பரவிடும்னு வீட்ல சொல்றாங்க. நீதான் துண்டு வெட்டிப் பாக்கறவனாச்சே, நீ சொல்லு."

கத்தி பட்டால் பரவும் என்ற பயம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. முற்றிய பிறகுதான் டாக்டரிடம் போகிறோம். அப்போது பயாப்ஸி எடுக்கிறார்கள். நோயாளி தவறிப்போனால் பழி கத்தி மேல் விழுகிறது. வாய்ப்புண்ணில் சிறு துண்டு எடுப்பதால் நோய் பரவுகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. வலி இல்லை என்பதும் நல்ல சேதி அல்ல. இந்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. இதைத்தான் அவனிடம் சொன்னேன்.

வாய்ப்புற்று நமக்குப் புதிதும் அல்ல. அப்போது திருவிதாங்கூரிலும் இப்போது குமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஐ.எம்.ஓர், வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933லேயே 'லான்செட்' இதழில் எழுதினார். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு அமைப்பு 2004ல் அறிவித்தது. "நான் புகையிலை போடறதில்ல, பாக்கு மட்டும்தான்" என்று சொல்லும் நம் ஆட்கள் கவனிக்கவும்.

சரி, எப்போது துண்டு எடுக்க வேண்டும்? வாயில் புண் வருவது சகஜம். காரமோ, கூரான பல்லோ, சரியில்லாத பல்செட்டோ காரணமாக இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டும். துடைத்தால் போகாத வெள்ளைப் படை, அதைவிட முக்கியமாகச் சிவப்புப் படை, ஓரம் கெட்டியான புண், பல் பிடுங்கி ஆறாத குழி, காரணமில்லாமல் ஆடும் பல், உதட்டில் மரத்துப்போன உணர்வு எல்லாம் இதே வரிசை. மூன்று விரலை நிறுத்தி வாய்க்குள் விட முடியாமல் வாய் இறுகி வந்தாலும் போய்க் காட்டுங்கள். பாக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது தனி நோயாகவே வருகிறது.

வேலை சின்னதுதான். மரத்துப்போக ஊசி, சில மில்லிமீட்டர் துண்டு, ஒன்றிரண்டு தையல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறிய கட்டி என்றால் முழுதாகவே எடுத்துவிடுவார்கள். பெரிய புண் என்றால் மோசமாகத் தெரியும் இடத்திலிருந்து எடுப்பார்கள். இடம் தேர்வதற்குச் சிலர் டொலூயிடின் நீலம் என்ற சாயம் தடவிப் பார்ப்பதுண்டு. வெல்டில் விரிசல் தேட நாங்கள் தடவும் சிவப்புச் சாயம்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. துண்டு ஃபார்மலினில் போய், மெழுகில் உறைந்து, நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவப்பட்டு, சாயமேறி கண்ணாடித் தகட்டில் உட்காரும். ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும்.

நண்பனுக்கு வந்தது 'டிஸ்பிளேசியா', அதாவது செல்கள் கெடத் தொடங்கியிருக்கின்றன, புற்றாகவில்லை. பாக்கை விட்டான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய் வாயைக் காட்டிவிட்டு வருகிறான்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தும் புண் ஆறவில்லையென்றால், "அதான் நார்மல்னு வந்திடுச்சே" என்று விட்டுவிடாதீர்கள். மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ரெடரிக் விஷயத்தில் நடந்தது அதுதான். இன்னொன்று, அந்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடும் லேபில் இருக்கும். கேட்டு வாங்கி இன்னொரு நிபுணரிடம் காட்டலாம். கிளீவ்லாண்டின் கட்டி ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் மியூசியத்தில் ஜாடியில் இருந்தது. அதை மறுபடி சீவிப் பார்த்து, மெதுவாக வளரும், அதிகம் பரவாத 'வெருகஸ்' வகைப் புற்று என்று 1980ல் எழுதினார்கள். படகு அறுவை நடந்து அப்போது 87 வருஷம் ஆகியிருந்தது.