இந்திய வருமான வரிச் சட்டத் திருத்தங்கள்

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் காலியான கஜானாவை நிரப்ப, 1860-ல் வைஸ்ராய் ஆலோசனைக் குழுவின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டு வருமானம் 200 ரூபாயை எட்டினாலே வரி. பலத்த எதிர்ப்பு அரசுக்குள்ளிருந்தே, அதுவும் சென்னையிலிருந்து வந்தது. வரி வேண்டாம், செலவைக் குறையுங்கள் என்று வாதிட்ட ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன், தம் குறிப்பைப் பகிரங்கமாக வெளியிட்டுவிட்டார். அதற்காகப் பதவியிழந்து லண்டன் திரும்பினார். வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்தார். பிறகு ட்ரெவெலியனே நிதி உறுப்பினராக வந்ததும், 1865-ல் அவர் காலத்திலேயே வரி காலாவதியானதும் வரலாற்றின் குறும்பு.

பின்னர் வந்தும் போயும் இருந்த வரியை 1886 சட்டம் நிலைப்படுத்தியது. விவசாய வருமானத்துக்கு அது தந்த விலக்கு மத்திய வரியில் இன்றுவரை தொடர்கிறது. 1922-ல் ஒரு சட்டம், 1961-ல் இன்னொன்று. பின்னது ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒட்டுப்போடப்பட்டே வளர்ந்தது. 1973-74-ல் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு 97.75 சதவீதம். இத்தகைய விகிதமே வரி ஏய்ப்பை வளர்க்கிறது என்று நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சூ குழு முன்பே எச்சரித்திருந்தது. 1990-களில் வரிச் சீர்திருத்தத்துக்கான ராஜா செல்லையா குழு விகிதக் குறைப்புக்கு வழிகாட்ட, 1997-ல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் விகிதத்தை 10, 20, 30 சதவீதம் என மூன்று படிகளாக்கினார்.

ஒட்டுப்போடாமல் புதிதாகவே எழுதும் முயற்சி, 2009-ல் வெளியான நேரடி வரிகள் சட்டத்தொகுப்பின் வரைவு. 10 லட்சம் வரை 10 சதவீதமே வரி என்றது தாராளம். வருங்கால வைப்பு நிதியை எடுக்கும்போது வரி என்றது சம்பளக்காரர்களைக் கொதிக்கவைத்தது. இரண்டும் கைவிடப்பட்டன. 2010-ல் அறிமுகமான மசோதா 2014-ல் மக்களவையோடு காலாவதியானது. ஆனாலும், வரி தவிர்ப்புக்காகவே போடும் ஏற்பாடுகளைச் செல்லாததாக்கும் அதன் பொது விதி 2012-லேயே பழைய சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.

2025 பிப்ரவரியில் புதிய மசோதா வந்தது. கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் பிடித்த வரி திரும்பக் கிடைக்காது என்ற நிலை அதில் இருந்தது. வரி வரம்புக்குக் கீழே இருந்தும் வங்கி வட்டியில் வரி பிடிக்கப்பட்டவர்களுக்கு இது அநியாயம். பைஜயந்த் பாண்டா தலைமையிலான தேர்வுக் குழு அதை நீக்கச் சொன்னது. திருத்திய மசோதா ஆகஸ்டில் நிறைவேறியது. அமலாகும் நாள் 2026 ஏப்ரல் 1. விகிதங்களை மாற்றுவது இதன் நோக்கமல்ல. 819 பிரிவுகள் 536 ஆயின. சேமிப்புகளுக்கு வரிக்கழிவு தரும், சம்பளக்காரர்களுக்கு மனப்பாடமான 80சி, இதில் பிரிவு 123. முந்தைய ஆண்டுகளின் வழக்குகள் 1961 சட்டப்படியே தொடரும்.